ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

தாராவி, மும்பை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நேற்று போனில் பேசும்போது சுற்றி ஆட்கள் நின்றார்கள், அதனால்தான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

தம்பிக்குத் தலையில் செதில் உதிர்கிறது, உன் மாத்திரையில் நாலைந்து அனுப்பு என்றாய். அனுப்ப மாட்டேன் அம்மா, கோபப்படாதே. என் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு நான் போடும் அந்த மெதோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தெரியாமல் தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. என் சீட்டில் டாக்டர் 'ஞாயிறு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். புதன்கிழமை ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை. ரத்தமும் கல்லீரலும் சோதித்த பிறகுதான் ஆரம்பித்தார், இப்போதும் அடிக்கடி சோதிக்கிறார். குடி கூடவே கூடாது. வலி மாத்திரைகூட அவரைக் கேட்டுத்தான்.

அதோடு ராத்திரியில் முழங்கை, முழங்காலுக்கு ஒரு களிம்பு. கால்சிபோட்ரியால், பீட்டாமெத்தசோன் என்று இரண்டு மருந்து கலந்தது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் புற ஊதா விளக்குக் கூண்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிறேன். முதலில் சில விநாடிதான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நல்ல தோல் புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், சொரியாசிஸில் நாலைந்து நாளிலேயே வளர்ந்து செதிலாகக் குவிகிறதாம். அதனால் உள்ளிருந்தும் மேலிருந்தும் சேர்ந்து அடக்க வேண்டியிருக்கிறது.

முந்தின மழைக்காலத்தில் பக்கத்துத் தெரு டாக்டர் ஒருவர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். பத்தே நாளில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. நிறுத்தியதும் உடம்பெல்லாம் வெடித்து வந்தது. அந்த மாதம் அறையில் எனக்கென்று தனி டம்ளர் வைத்தார்கள். உன்னிடம் சொல்லவில்லை, மனசு விட்டுப்போயிருந்தது. இப்போது பார்க்கும் டாக்டர்தான் என்னோடு வந்த முருகனிடம், "இது ஒட்டாது, தாராளமாகத் தொடு" என்றார். அன்று ராத்திரி முருகன் என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டான்.

இந்த வைத்தியம் ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் அரைக்கைச் சட்டை போட்டு லோக்கல் ரயிலில் போனேன் அம்மா. கம்பியைப் பிடித்து நின்றேன், யாரும் விலகவில்லை.

நோய் அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். பெண் பார்க்கும்போது அவர்கள் வீட்டில் இதை மறைக்காதே. இந்த மாத்திரை ஓடும்வரை கல்யாணத் தேதியையும் டாக்டரைக் கேட்டே வைப்போம்.

தம்பிக்கு வெறும் பொடுகாகவும் இருக்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டு. அலமாரியில் நான் விட்டுவந்த பழைய களிம்பு டியூபை அவன் தலையில் தேய்த்துவிடாதே, தூக்கிப் போட்டுவிடு.

அன்புடன்,
உன் மகன்
செல்வம்