புகாரை எழுதியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் 'பெண்கள் பழிவாங்கப் போக்சோவைக் கையில் எடுக்கிறார்கள்' என்று ஒரு வரி. அடுத்த வரியில் ஆதாரம் இருக்கும் என்று பார்த்தேன். நகைக்கடை விளம்பரம்தான் இருந்தது.

போக்சோ என்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். அதில் பாதிக்கப்பட்டவருக்கு 18 வயது நிரம்பியிருக்காது. காதல் வழக்குகளில் புகார்தாரர் பெரும்பாலும் அப்பா. முதலில் 'மகளைக் காணவில்லை' என்று எஃப்.ஐ.ஆர். பையன் யார், என்ன சாதி என்று தெரிந்தபின் அடுத்த மனுவில் 'ஆசை வார்த்தை கூறி கடத்தி' என்று சேரும். அந்த ஆசை வார்த்தை எது என்று ஒரு மனுவும் சொன்னதில்லை. 'ஓடிப்போனாள்' என்றால் தங்கச்சிக்கு வரன் வராது. 'கடத்திவிட்டான்' என்றால் அப்பா பங்காளி வீட்டு விசேஷத்துக்குத் தலைநிமிர்ந்து போகலாம். பொய் அங்கேதான் பிறக்கிறது.

பள்ளிச் சான்றிதழ்ப்படி 17 வயது 11 மாதம் என்றால், 'நானாகத்தான் போனேன்' என்று மாஜிஸ்திரேட் முன் குற்ற விசாரணைச் சட்டத்தின் 183-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 164) வாக்குமூலம் கொடுத்தும் பயனில்லை. அந்தச் சம்மதம் சட்டத்தில் செல்லாது. கர்ப்பம் என்றால் பையன் மேல் போக்சோவின் கடுமையான 6-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சமே 20 ஆண்டு சிறை. பெற்றோரோடு போக மறுத்தால் அவளுக்குக் காப்பகம்.

டெல்லி மாவட்ட நீதிமன்றங்களில் 2013-இல் முழுமையாக விசாரித்து முடிந்த 460 பாலியல் வன்முறை வழக்குகளை ஓர் ஆங்கில நாளிதழ் அலசியது. 40 சதவீதத்துக்கும் மேல் சம்மத உறவு. அவற்றில் பெரும்பாலும் ஜோடி ஊரைவிட்டுப் போனபின் பெண் வீட்டார் தொடுத்தவை. காதல் வழக்குகளில் அவசரக் கைது வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைவரே சுற்றறிக்கை விட்டார். தாங்கள் அறியாததா?

சாதி மாறிக் காதலிக்கும் பையன்கள் நடிக்கிறார்கள் என்ற பழியை 'நாடகக் காதல்' என்று தலைப்பிட்டு வளர்த்ததும் தங்கள் பத்திரிகைதானே. 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று அடியில் போட்டுவிட்டு, ஊர், தெரு, அப்பாவின் தொழில் எல்லாம் மேலே அச்சிடுவீர்கள். போக்சோ 23-வது பிரிவு அதைத்தான் தடுக்கிறது.

இன்னொன்று. சித்தப்பா மேல் பிள்ளை சொன்ன புகாரைக் குடும்பம் கூடிப் பேசி அமுக்கி, நீதிமன்றத்தில் சொன்னதை மாற்றிச் சொல்லவைத்து அவளைப் பிறழ்சாட்சியாக்கும். விடுதலை என்றதும் அதுவும் உங்கள் கணக்கில் 'பொய்ப் புகார்'. நிரூபணமாகாதது வேறு, பொய் வேறு. வேண்டுமென்றே பொய்ப் புகார் தந்தவரைத் தண்டிக்க 22-வது பிரிவு இருக்கிறது. பிள்ளைக்கு அதில் தண்டனை கிடையாது. அப்பாக்கள் மேல் அது பாய்ந்த செய்தியைத் தங்கள் பத்திரிகையில் பார்த்த நினைவில்லை.

கேட்பது பெரிதொன்றுமில்லை. இனி விடுதலைச் செய்தி போடும்போது, புகார் கொடுத்தவர் பெண்ணா, பெற்றோரா என்றும், விடுதலைக்குக் காரணம் பிறழ்சாட்சியா, வேறா என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
திண்டுக்கல்