பாரின் போகிற போனும் பாரினிலிருந்து வருகிற போனும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் தினம் ஒருவராவது கேட்டுவிடுகிற கேள்வி இது: "அண்ணே, இந்த செட்டு அங்க எடுக்குமா?"

அந்த 'அங்க' மஸ்கட்டாக இருக்கும், தம்மாமாக இருக்கும். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற மகளாக இருக்கும். பேரப்பிள்ளையைப் பார்க்க மூன்று மாத விசாவில் மெல்பர்ன் கிளம்புகிற பாட்டியாகவும் இருக்கும். கேள்வி ஒன்றுதான், பதில்தான் நாட்டுக்கு நாடு மாறும். சாயங்காலக் கூட்டத்தில் ஒரு கையில் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டே அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்புவது எங்களுக்கே பிடிக்கவில்லை. அதனால் இந்த மடல்.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறோம். 2024 கடைசியில் கருங்கல் பக்கத்து அம்மா ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பினார். கையில் இருந்தது எங்களிடமே வாங்கிய 4ஜி செட். "4ஜி தானேம்மா, தாராளமா எடுக்கும்" என்று சொல்லி, புது கவர் ஒன்றும் போட்டு அனுப்பினோம். அங்கே போய் மகன் வாங்கிக் கொடுத்த சிம்மைப் போட்டால் சர்வீஸே இல்லை. வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் ஓடும். வாசலைத் தாண்டினால் செட் வெறும் கேமரா. மகன் எங்களைக் கூப்பிட்டு நிதானமாகத்தான் கேட்டார். எங்களிடம்தான் பதில் இல்லை. கடையை அடைத்த பிறகு இரண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்ததில்தான் விஷயம் பிடிபட்டது.

காரணத்தைச் சொல்ல ஜியோ வந்த நாட்களுக்குப் போக வேண்டும். 2016 செப்டம்பரில் இலவச சிம்முக்கு வரிசையில் நின்றோமே, அப்போது பலருக்கு நெட் பறந்தது, கால் மட்டும் போகவில்லை. கால் பேச ஜியோ4ஜிவாய்ஸ் என்று தனி ஆப் போடச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கும். ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பேச்சும் 4ஜி வழியாகவேதான் போக வேண்டும். அந்த வசதிக்குப் பெயர் வோல்டி. அது இல்லாத செட்டில் மற்ற கம்பெனி சிம் போட்டால், கால் வரும்போது செட் தானாக 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டு மறுபடி 4ஜிக்கு ஏறும். நமக்குத் தெரியவே தெரியாது.

இப்போது பல நாடுகளில் அப்படி இறங்குவதற்குப் படியே இல்லை. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் இரண்டு கம்பெனிகளும் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜியை நிறுத்தத் தொடங்கின. 2ஜி அதற்குப் பல வருடம் முன்பே போய்விட்டது. கூடவே ஒரு விதியும் வந்தது. அந்த நாட்டு அவசர எண்ணான 000-க்கு 4ஜி வழியாகக் கால் போட முடியாத செட்டுக்குக் கம்பெனிகள் சர்வீஸே கொடுக்கக் கூடாது. நம்மூரில் வோல்டி ஓடுகிற செட்தான் என்றாலும், அந்த நாட்டுக் கம்பெனியின் வோல்டிக்கான அமைப்பு அதற்குள் இல்லையென்றால் அது அங்கே பேசாத செட் என்றே கணக்கு. அந்த அம்மாவின் செட் மாட்டியது இங்கேதான்.

ஆக, ரேஞ்ச் காட்டுவது வேறு, கால் போவது வேறு, அந்த நாட்டுக் கம்பெனி உங்கள் செட்டை ஏற்றுக்கொள்வது வேறு. அன்றைக்கு நாங்கள் முதல் விஷயத்தை மட்டும் பார்த்து மூன்றுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டோம்.

ரேஞ்ச் விஷயம் உண்மையில் எளிது. நாகர்கோவில் வானொலி 101-ல் வருகிறது. ரேடியோவில் அந்த எண் இல்லாவிட்டால், நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும் பாட்டு கேட்காது. போன் டவரும் அப்படித்தான். ஒவ்வொரு நாடும் தன் கம்பெனிகளுக்குச் சில அலைவரிசைகளைக் கொடுத்திருக்கிறது. அவற்றுக்கு 'பேண்ட்' என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். 1800 மெகாஹெர்ட்ஸ் என்றால் பேண்ட் 3. 2300 என்றால் பேண்ட் 40. 800 என்றால் பேண்ட் 20. உங்கள் செட்டில் இருக்கும் பேண்டும் அந்த ஊர் டவரின் பேண்டும் ஒன்றாவது ஒத்துப்போனால் ரேஞ்ச் வரும். எத்தனை ஒத்துப்போகிறது என்பதைப் பொறுத்து, எல்லா இடத்திலும் வருமா, மொட்டை மாடியில் மட்டும் வருமா என்பது தெரியும். மெகாஹெர்ட்ஸ் குறைந்த அலை தூரம் போகும், சுவரைத் தாண்டும். மெகாஹெர்ட்ஸ் கூடிய அலை வேகமாக நெட் தரும், ஆனால் கான்கிரீட்டைக் கண்டால் சோர்ந்துவிடும்.

கல்ஃபுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம். அந்த நாடுகளில் 4ஜிக்கு பேண்ட் 3 முக்கியமானது, நம் நாட்டிலும் அப்படியே. 5ஜிக்கு அங்கே ஓடும் என்78 என்ற பேண்ட் இங்கேயும் ஓடுகிறது. பேண்ட் 20 இருந்தால் கட்டடத்துக்குள்ளும் ஊருக்கு வெளியே இருக்கும் கேம்ப்களிலும் கொஞ்சம் உதவும். கல்ஃபுக்கு என்றே புது செட் வாங்க வருகிறவர்களிடம், கையில் இருப்பது நல்ல செட் என்றால் அதையே கொண்டு போகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். எங்கள் வியாபாரத்துக்கு அது நஷ்டம்தான், பரவாயில்லை. இன்னொன்று: துபாய் போய்ச் சேர்ந்ததும் "வாட்ஸ்அப்ல கால் போகல, செட்டு போச்சு" என்று மெசேஜ் அனுப்பாதீர்கள். அது செட்டின் கோளாறு அல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் காலுக்குத் தடை இருக்கிறது. மெசேஜ் மட்டும் போகும்.

ஜெர்மனி, பிரிட்டன் பக்கம் போகிறவர்கள் பேண்ட் 20-ஐக் கட்டாயம் பாருங்கள். நம் நாட்டில் அந்த அலை ஓடுவதில்லை, அதனால் இங்கே விற்கும் விலை குறைந்த சில மாடல்களில் அதைச் சேர்ப்பதில்லை. பெரிய ஊரில் இருந்தால் பேண்ட் 3-ஐயும் 7-ஐயும் வைத்துச் சமாளிக்கலாம். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை என்றால் பேண்ட் 20 இல்லாதது தினமும் தெரியும். ஜெர்மனியில் 3ஜி 2021-லேயே முடிந்துவிட்டது. 2ஜி இன்னும் இருப்பதால் வோல்டி சரியில்லாத செட்டிலும் கால் மட்டும் போகும்.

அமெரிக்காதான் கஷ்டமான கணக்கு. அங்கே பழைய 2ஜி ஓடியதே 850, 1900 என்ற வேறு அலைகளில். இப்போது டி-மொபைல் 600 மெகாஹெர்ட்ஸில் பேண்ட் 71, வெரைசன் 700-ல் பேண்ட் 13 என்று நம்மூர் செட்டுகளில் அபூர்வமாக இருக்கும் அலைகளில் டவர் வைத்திருக்கிறார்கள். 2022-க்குள் மூன்று பெரிய கம்பெனிகளும் 3ஜியை மூடிவிட்டன. ஏடி அண்ட் டி, தன் பட்டியலில் இல்லாத மாடலை ஏற்பதில்லை. அதனால் அமெரிக்கா என்றால், எந்த ஊர், எந்த கம்பெனி சிம் என்பது தெரியாமல் நாங்கள் வாய் திறப்பதில்லை.

பட்டன் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதானவர்கள் அதை விடமாட்டார்கள். 2ஜி மட்டும் உள்ள பட்டன் போன் சிங்கப்பூரில் 2017 ஏப்ரல் முதல் வேலை செய்யாது. ஆஸ்திரேலியாவிலும் செய்யாது. ஜியோபோன், ஜியோபாரத் செட்டுகளோ ஜியோ சிம் தவிர வேறு எதையும் ஏற்காது. அந்த ஊர் சிம் வாங்கிப் போடலாம் என்று அதை நம்பிக் கொண்டுபோக வேண்டாம்.

சரி, உங்கள் செட்டை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் எல்லோருக்கும் தவறு நடக்கிறது. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் பெயர் போதாது. உதாரணத்துக்கு சாம்சங் கேலக்ஸி ஏ54. இங்கே விற்றது எஸ்எம்-ஏ546ஈ. ஐரோப்பாவில் விற்றது எஸ்எம்-ஏ546பி. அமெரிக்காவில் எஸ்எம்-ஏ546யு. பெயர் ஒன்று, நிறம் ஒன்று, கவர்கூட ஒன்றுதான் பொருந்தும். உள்ளே பேண்டுகள் மாறலாம். கூகுளில் வெறும் பெயரைப் போட்டுத் தேடினால் ஐரோப்பா செட்டின் விவரம் வந்து நிற்கும். அதைப் பார்த்து "பேண்ட் 20 இருக்கே" என்று நிம்மதியாக விமானம் ஏறுவீர்கள். செட்டிங்ஸில் இருக்கும் 'அபவுட் போன்' பகுதிக்குள் போய் மாடல் நம்பரைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த நம்பருக்கான பேண்ட் பட்டியல் இருக்கும். அதையும், நீங்கள் போடப்போகும் சிம் கம்பெனியின் பேண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, டயல் செய்யும் இடத்தில் *#06# போடுங்கள். செட்டின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும், இரண்டு சிம் செட்டில் இரண்டு வரும். பல வெளிநாட்டுக் கம்பெனிகளின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், செட் தங்கள் நெட்வொர்க்குக்கு ஆகுமா ஆகாதா என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நூறு பேர் சொல்லும் அபிப்பிராயத்தை விட எங்களுக்கு அந்த ஒரு பதில் பெரிது. கப்பல் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: துருக்கியில் அந்த ஊர் சிம்மைப் போட்டால், வரி கட்டி ஐஎம்இஐயைப் பதிவு செய்யாத வெளிநாட்டு செட் 120 நாளில் அடைபட்டுவிடும்.

சாம்சங் புது செட் வாங்கி, பெட்டி உடைக்காமல் அப்படியே அண்ணனுக்குக் கொடுத்துவிடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். விற்ற நாட்டு சிம்மைப் போட்டு மொத்தம் 5 நிமிடத்துக்கு மேல் பேசிய பிறகுதான் வேறு நாட்டு சிம் எடுக்கும். அதனால் சீலை இங்கேயே உடைத்து, நம் சிம்மில் அம்மாவிடம் பேசிவிட்டுக் கொடுத்தனுப்புங்கள். புதுசு போய்விட்டதே என்று அண்ணன் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இனி வருகிற செட்டுகள். லீவுக்கு வரும் மாமா கொண்டுவரும் அமெரிக்க ஐபோன்தான் எங்கள் மேஜையில் அதிகம் தலைவலி. 14 முதல் வந்த அமெரிக்க ஐபோன்களில் சிம் போடும் இடமே கிடையாது, செட்டுக்குள்ளேயே இருக்கும் இசிம் மட்டும்தான். "டிரே எங்கண்ணே?" என்று பக்கவாட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தவர்கள் உண்டு. இசிம் நம்மூர் கம்பெனிகளிலும் கிடைக்கிறது, அது பெரிய பிரச்சனை இல்லை. பெரிய பிரச்சனை லாக். தவணையில் வாங்கிய செட் அந்தக் கம்பெனி சிம்மைத் தவிர வேறு எதையும் எடுக்காது. பெரும்பாலும் தவணை முடித்து, வாங்கியவரே கேட்டால்தான் கம்பெனி திறந்துவிடும். மாமா அங்கிருந்து விமானம் ஏறுவதற்கு முன்பே அதைச் செய்யச் சொல்லுங்கள். சிம்முக்கு அடியில் சில்லு வைத்து 'லாக் உடைக்கிற' வேலையை நாங்கள் செய்வதில்லை. அடுத்த அப்டேட்டில் அது படுத்துவிடும், திட்டு எங்களுக்கு வரும்.

ஐஎம்இஐயை மாற்றித் தரச் சொல்லியும் சிலர் வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பழைய செட் வாங்கும்போது, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடம் விட்டு ஐஎம்இஐ எண், இப்படி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்தச் செட்டின் விவரம் வரும். பெயரும் மாடலும் கையில் இருப்பதோடு ஒத்துவராவிட்டால் காசு கொடுக்காதீர்கள்.

நம்மூர் சிம்மை அங்கேயும் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு: களியக்காவிளை தாண்டினாலே கேரளா டவர் பிடித்து ரோமிங் காசு போன காலத்தைப் பார்த்தவர்கள் நாம். இப்போது நாட்டுக்குள் அந்தத் தொல்லை இல்லை, வெளிநாட்டில் உண்டு. பேங்க் ஓடிபி வருகிற சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கிருந்தே ஆன் செய்துவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்து வையுங்கள்.

டிக்கெட் போட்டதும் எங்களிடம் வாருங்கள், கிளம்புகிற அன்று காலையில் வேண்டாம். செட், போகும் நாடு, ஊர், தெரிந்தால் சிம் கம்பெனி பெயர், இவ்வளவு போதும். பார்த்துச் சொல்வதற்குக் காசு கிடையாது. கடையில் வாங்காத செட் என்றாலும் சரிதான். பேண்ட், வோல்டி, ஐஎம்இஐ மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவோம். எதில் எங்களுக்கு உறுதி இல்லையோ, அங்கே கேள்விக்குறி போட்டிருக்கும். அந்த இடத்தை மட்டும் அங்கிருக்கும் பிள்ளைகளை விட்டு, சிம் விற்கும் கடையில் கேட்கச் சொல்லுங்கள்.

கருங்கல் அம்மா மூன்று மாதம் கழித்து ஊருக்கு வந்ததும் கடைக்கு வந்தார். மகன் அங்கே வாங்கிக் கொடுத்த செட் ஒரு கையில், எங்கள் பழைய செட் இன்னொரு கையில். "இதுல நம்ம சிம்மு எடுக்குமான்னு பாரு மக்களே" என்று புதுசை நீட்டினார். இந்த முறை மாடல் நம்பரைப் பார்த்த பிறகுதான் பதில் சொன்னோம்.

இப்படிக்கு,
கடையில் இருக்கும் நாங்கள் மூவர்
மார்த்தாண்டம்

பின்குறிப்பு: செட்டோடு வரும் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். பின் மட்டும்தான் மாறும். துபாய், பிரிட்டன் போகிறவர்கள் மூன்று சதுரப் பின் உள்ள அடாப்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட்டில் வாங்கினால் விலை கூட.