கூரை யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சூரிய மின்சாரம் பரவாததற்கு மக்களின் அறியாமையே காரணம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் வந்து சொல்லட்டும். வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்த, 2024இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் சொந்த வீடு வேண்டும். லைன் வீட்டின் கூரை எஸ்டேட்டுக்குச் சொந்தம். தவிர, இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் சிறு வீட்டுக்குத் தகடு மாட்டுவதில் பெரிய லாபமும் இல்லை.

ஜெர்மனிக்கு நம்மைவிட வெயில் அதிகமா என்ன? அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டம் சூரிய மின்சாரத்துக்கு இருபது ஆண்டுகளுக்குக் கொள்முதல் விலையை உறுதி செய்ததால் சாதாரணக் குடும்பங்களும் துணிந்து முதலீடு செய்தன. கென்யாவில் சூரிய விளக்கின் விலையைக் கைப்பேசி வழியே சிறுகச் சிறுகக் கட்டுகிறார்கள். டென்மார்க்கின் 2009ஆம் ஆண்டுச் சட்டமோ, காற்றாலை நிறுவுவோர் 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்தாருக்கு விற்க முன்வர வேண்டும் என்றது.

நம் நீலகிரியின் பைக்காரா ஆற்று நீரில் எடுத்த மின்சாரம் 1930களிலேயே கோவை ஆலைகளை ஓட்டியது. ஆனால் டென்மார்க்கைப் போல மலைவாசிக்குப் பங்கு என்ற பேச்சை இங்கே யாரும் எடுப்பதில்லை. எஸ்டேட்டின் தரிசு நிலத்தில் பொதுத் தகடுகள் அமைத்து, அதன் மின்சாரத்தைத் தொழிலாளர் வீடுகளின் கணக்கில் வரவு வைக்க மாநில அரசு விதி வகுக்க வேண்டும்.

- வாசகர், கோத்தகிரி