மலையேறிய கப்பல்கள்

தோர்போலே,
கார்தா ஏரிக்கரை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வீட்டில் அனைவரின் நலமறிய ஆவல்.

சென்ற முறை பேசியபோது, கடல் இல்லாத ஊரில் எப்படியடா பொழுது போகிறது என்று கேட்டீர்கள். தொலைபேசியில் சரியாகச் சொல்ல வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

இத்தாலியின் மிகப் பெரிய ஏரியான கார்தாவின் வடமுனையில், மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒடுங்கியிருக்கும் சிற்றூர் தோர்போலே. வானம் தெளிந்த நாட்களில் இங்கே காற்று நேரம் தவறுவதில்லை. விடியற்காலையில் நம் வாடையைப்போல வடக்கேயிருந்து இறங்குவது பெலேர். நண்பகலுக்குப் பின் நம் சோழகத்தைப்போலத் தெற்கேயிருந்து வருவது ஓரா. விடுதிச் சமையலறையின் பின்கதவு தானாக அறைந்து சாத்திக்கொண்டால், ஓரா வந்துவிட்டது என்று அறிந்துகொள்வேன்.

இந்த ஊர் 1918 வரை ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. 1786-இல் ஜெர்மானியக் கவிஞர் கோதே இங்கே தங்கிச் சென்றிருக்கிறார். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அவற்றைவிடப் பழைய செய்தி.

1438-இல் வெனிஸ் குடியரசுக்கும் மிலானுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. வெனிஸுக்குச் சொந்தமான பிரெஷா நகரை மிலான் படை முற்றுகையிட்டது. ஏரியின் தென்கரை எதிரிகளின் பிடியில் இருந்ததால், அந்தப் பக்கத்து ஆற்றின் வழியே கப்பல்களை ஏரிக்குள் கொண்டுவர வழியில்லை. எனவே வெனிஸ்காரர்கள் 6 போர்க்கப்பல்களையும் 25 பெரிய படகுகளையும் கடலிலிருந்து அடிஜே ஆற்றில் எதிரோட்டமாக மோரி என்ற ஊர் வரை கொண்டுவந்து, 1439-இன் தொடக்கத்தில், கடுங்குளிரில், மலைமேல் ஏற்றினார்கள். இழுத்தவை சுமார் 2,000 எருதுகள். வழியில் லோப்பியோ என்ற சிற்றேரி வந்தது. அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் கப்பல்கள் மிதந்து சென்றன.

கணவாயைத் தாண்டியதும் இறக்கம். ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் படகு கைமீறும் என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! கயிறு கட்டிப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடியே இறக்கினார்களாம். ஓரா எதிரே வீசும் நேரம் பார்த்துப் பாய் விரித்து, காற்றையே தடையாக்கிக்கொண்டார்கள் என்றும் இங்கே சொல்கிறார்கள். விடுமுறை நாளில் அந்தச் சரிவில் நடந்து பார்த்தேன். கல் பாவிய பாதை. வெறுங்கையோடு இறங்கிய எனக்கே முழங்கால் நடுங்கியது. அந்த இடத்தில் நின்றபோது, கரையில் கட்டைமேல் படகு உருளும்போது நீங்கள் கொடுக்கும் குரல் காதில் கேட்டது. கண் கலங்கிவிட்டது அப்பா.

அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த படை அதே ஆண்டில் தோற்றது. வெனிஸ் மனம் தளராமல் மீண்டும் ஒரு படையை ஆயத்தம் செய்து, 1440-இல் இந்த ஏரியிலேயே வென்றது. லோப்பியோதான் இன்று இல்லை. அடிஜேயின் வெள்ளத்தை கார்தாவுக்குத் திருப்ப மலைக்கடியில் சுரங்கம் வெட்டியபோது, 1950-களில், அதன் தண்ணீர் வடிந்துவிட்டது. கப்பல்கள் மிதந்த இடத்தில் இப்போது நாணற்புல் நிற்கிறது.

அந்தச் சரிவின் படத்தைத் தம்பியின் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். நம் பெரிய படகை அங்கே இறக்குவதானால் எத்தனை ஆள் வேண்டும், கயிற்றை எங்கே கட்டுவீர்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்