திண்டை இடிக்க வேணாம், ஒரசுனா போதும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, எங்க தெருமுனை பார்க்ல இருக்க சிமெண்ட் திண்டை சக்கரம் வச்ச பலகை ஓட்டுற ஸ்கேட்போர்டு பசங்க நாசம் பண்ணிட்டாங்க, உக்கார முடியல, கைலி மாட்டி கிழியுது, பேசாம இடிச்சுட்டு கம்பி வேலி போடுங்கன்னு. கைலி கிழிஞ்சது நெசம், எனக்கும் கிழிஞ்சிருக்கு. ஆனா காரணம் பசங்க இல்லங்க. ரங்கூன்ல முப்பது வருஷமா கொத்து வேலை பாக்குறேன், எங்கப்பாவும் கொத்தனாருதான், அந்த தைரியத்துல எழுதுறேன்.

அந்த திண்டு போட்டப்ப நான் டீக்கடைல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். நல்ல மழை மாசம். கான்கிரீட் போட்டு மட்டமாக்குற மணியாஸ் கட்டை வச்சு இழுத்து முடிச்ச கையோட மழை பிடிச்சுக்கிச்சு, மேல ஒரு தார்ப்பாய் போட ஆள் இல்ல. மேல மொகத்துல இருந்த சிமெண்ட் பாலு அம்புட்டும் ஓடிப்போயி மணலும் சல்லியும் பல்ல காட்டிக்கிட்டு நின்னுச்சு. இந்த ஊர்ல வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல மழை, அதுல பாசி புடிக்க, வெயில்ல காய, திரும்ப புடிக்கன்னு ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் சொரசொரப்பாயிடுச்சு. பசங்க போர்டு தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே அது அப்டித்தான் இருந்துச்சு.

பெறவு ஒரு காண்ட்ராக்டர் வந்து மேல பூச்சு போட்டாரு. பழைய மொகத்த கொத்திவிடல, பாசிய சொரண்டல, போர்டு வழுக்கணும்னு ஏற்கனவே பசங்க தேச்சு வச்சிருந்த மெழுக எடுக்கல. மெழுகு மேல சிமெண்ட் ஒட்டுமாங்க? நான் போயி கரண்டிக் காம்பால தட்டிப் பாத்தேன், ஒரு முழத்துக்கு டொக்கு டொக்குன்னு வெறும் பொள்ளல் சத்தம். அடுத்த திங்யான் தண்ணித் திருவிழா வர்றதுக்குள்ள அப்பளம் மாதிரி பேந்து வந்துருச்சு, அதையும் பசங்க கணக்குலயே எழுதிட்டாங்க.

என் மகனும் அந்த கூட்டத்துல ஒருத்தன், ஒளிக்கல. போர்டுக்கு அடியில சக்கரத்த மாட்ற அலுமினிய கட்டை இருக்குல்ல, ட்ரக்குங்கிறாங்க, அத திண்டு விளிம்புல ஏத்தி சர்ருனு வழுக்கிட்டு போறதுதான் கிரைண்டு. விளிம்பு வழவழப்பா இருந்தா போகும், ஒரு சல்லி துருத்திக்கிட்டு இருந்தா போர்டு அங்கயே நின்னுரும் ஆனா பையன் நிக்க மாட்டான். என் மகன் தாடைல மூணு தையல் அப்டி வந்ததுதான்.

தையல் போட்டுட்டு வந்த வாரமே நானா போயி ஒரு வேலை பாத்தேன், அதுலயும் தப்பு பண்ணேன், சொல்லிடறேன். செவுத்துக்கு அடிக்கிற வெள்ளை பட்டி மிச்சம் இருந்துச்சு, அத குழைச்சு பள்ளத்துல அப்பினேன். பாக்க அழகா இருந்துச்சு, ரெண்டே நாளு, மாவா உதுந்துருச்சு. அதுக்கப்புறம்தான் கார் டிங்கரிங் பட்டறைல இருக்க என் மச்சான் சொன்னாரு, மாமா காருக்கு போடற பட்டி போடுங்க, அது கல்லு மாதிரி நிக்கும்னு. உண்மைதான், ஆனா எடம் எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும், தூசி இருக்கக்கூடாது, இறுக வைக்கிற ஹார்டனர் கலந்தா கொஞ்ச நேரத்துல இறுகிடும், ஏப்ரல் வெயில்ல இன்னும் சீக்கிரம், அதனால எலுமிச்சம்பழம் அளவு மட்டும்தான் ஒரு தடவைக்கு கலக்கணும். நான் மொத தடவ ஒரு தட்டு நெறைய கலந்து, தட்டோட சேத்து தூக்கி போட்டேன்.

பட்டி சின்ன பள்ளத்துக்குத்தான். பெருசா ஒடைஞ்ச எடத்துல, நல்லா கொத்திவிட்டு, மெழுக சுத்தமா சொரண்டி எடுத்து, தண்ணி ஊத்தி ஊறவிட்டு, மேல தேங்குன தண்ணிய தொடச்சிட்டு, சிமெண்ட் பால் அடிச்சு, அது காயறதுக்குள்ள ஒரு பங்கு சிமெண்டுக்கு ரெண்டு பங்கு மணல் கலவை வச்சு அழுத்தணும். ஈரச்சாக்கு போத்தி ஒரு வாரம் தண்ணி காட்டணும். அதுல 28 நாள் யாரும் போர்டு ஏத்தக்கூடாது, இத பசங்களுக்கு புரிய வைக்கிறதுதான் மொத்த வேலைலயும் கஷ்டமான வேலை.

மத்தபடி முக்காவாசி நீளத்துக்கு ஒண்ணும் பூச வேணாம், ஒரசுனா போதும். கார்போரண்டம் கல்லு, மொசைக் தரை தேய்ப்பாங்களே அது. மெஷின் வச்சா சீக்கிரம் முடியும், கரண்ட் எப்ப வரும்னு சொல்ல முடியாத ஊர்ல கைதான் மெஷின். தண்ணி ஊத்தி ஊத்தி தேய்க்கணும், காஞ்சபடி தேச்சா அந்த தூசி நெஞ்சுல போயி உக்காந்துரும், எங்க தொழில்ல இருமி இருமி போனவங்கள பாத்திருக்கேன். விளிம்ப கத்தி மாதிரி விடாம லேசா மழுக்கிவிட்டா சில்லு ஒடையாது, உக்கார்றவங்க தொடையும் பொழைக்கும். பசங்க ஞாயித்துக்கெழமை நாலு பேரு, நம்ம பசங்க ரெண்டு பேரு பர்மாக்கார பசங்க ரெண்டு பேரு, ஊலே ஊலேன்னு (பர்மா பாஷைல மாமான்னு அர்த்தம்) என்னைய சுத்தி உக்காந்து தேச்சு ஒரு கஜம் முடிச்சாங்க. கைய வச்சு தடவிப் பாத்தேன், அம்மிக்கல்லு மாதிரி இருக்கு.

மெழுகு கொஞ்சமா, விளிம்புல மூணு வெரல் அகலத்துக்கு மட்டும். ரொம்ப தேச்சா வழுக்கி விழுவானுங்க, உக்கார்றவங்க துணியிலயும் ஒட்டும். கரண்ட் போனா ஏத்தறதுக்கு வாங்கி வச்ச மெழுகுவத்தி எங்க வீட்ல நாலு தடவ காணாம போச்சு, என் வீட்டுக்காரி எங்கிட்டதான் கேக்குறா.

தகின் மியா பார்க்ல 2015ல கட்டுன ஸ்கேட் பார்க் இருக்கே, அங்க போகச் சொல்லுங்கன்னு அந்த வாசகர் கேக்கலாம். போறாங்க. ஆனா ஸ்கூல் விட்டு வந்து தினம் ரெண்டு பஸ் மாறி போக முடியுமா? 2021ல டோக்கியோவுல ஒலிம்பிக்ஸ்லயே சேத்துட்டாங்க இந்த வெளையாட்ட, நாம கம்பி வேலி போடலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம்.

பேட்டை (வார்டு) ஆபீஸ்ல நான் கேக்குறது காசு இல்ல. மழை விட்டதும், தீபாவளி கழிச்சு, காலைல ஆறு மணிலேந்து ஒம்பது மணி வரைக்கும் பத்து நாளு வேலை செய்ய அனுமதி, ரெண்டு குடம் தண்ணி புடிக்க குழாய் சாவி. பட்டி மச்சான் தர்றாரு, சாக்கு அரிசிக் கடைல கேட்டு வச்சிருக்கேன். கார்போரண்டம் கல்லு எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு, அதுவும் பாதி தேஞ்சது, பழைய மொசைக்காரங்க வீட்ல யார்கிட்டயாச்சும் சும்மா கெடந்தா டீக்கடைல குடுத்துட்டு போங்க, வேலை முடிஞ்சதும் திருப்பி குடுத்துடறேன்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார், ரங்கூன்