எலிக்குப் புழு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறேன். மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம்.

சரி, கடிதத்தில் பாதிக்கு மேல் எலிகளைப் பற்றித்தானே எழுதியிருந்தாய். நானும் அதற்கே வருகிறேன். பூச்சியில் ஐம்பது சதவீதம் புரதமாம், பெல்லட்டை, அதாவது எலிக்கென்று பொட்டலத்தில் விற்கும் தீனியை, குறைத்துவிட்டுப் புழுவைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தாய். புழு கொடு, பயப்படாதே. பெல்லட்டில் மட்டும் கை வைக்காதே.

எலிக்குப் பூச்சி புதிய உணவே இல்லை. வீட்டில் வளர்க்கும் எலியும் சாக்கடையில் ஓடும் பழுப்பு எலியும் ஒரே இனம்தான். தானியம், பழம், மீன், வண்டு, புழு என்று கிடைப்பதையெல்லாம் தின்று உலகம் முழுக்கப் பரவிய பிராணி அது. ஓர் எலியிடம் முதன்முறையாகப் புழுவைக் கொடுத்துப் பார். முன்கால்கள் இரண்டாலும் பிடித்துத் தலையில் ஒரு கடி. யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்தச் சுறுசுறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: கூண்டில் இருக்கும் எலிக்குப் புரதத்தைவிட இந்த வேட்டைதான் கிடைப்பதில்லை.

இப்போது அந்த ஐம்பது சதவீதம். அது கடையில் தீனியாக விற்கும் மீல்வார்ம் என்ற புழுவை உலர்த்திய பிறகு வரும் கணக்கு. உயிருள்ள புழுவில் அறுபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர், புரதம் ஏறக்குறைய இருபது சதவீதம்தான். நன்றாக வளர்ந்த ஒரு புழுவின் எடை சுமார் 0.1 கிராம். அப்படியானால் அதிலுள்ள புரதம் 0.02 கிராம். வளர்ந்த எலி ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது கிராம் பெல்லட் தின்னும். அதில் 14 சதவீதம் புரதம் என்று வைத்தாலும் இரண்டு கிராமுக்குக் குறையாது. அந்த இரண்டு கிராமைப் புழுவிலிருந்தே எடுக்க வேண்டுமானால் ஓர் எலிக்கு ஒரு நாளைக்கு நூறு புழு வேண்டும்! உன்னிடம் இருப்பதோ நான்கு எலி.

அந்த இருபது சதவீதத்திலும் கொஞ்சம் கழிக்க வேண்டும். புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்வதுதான் வழக்கம். பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டின் என்ற பொருள் புரதம் இல்லை, ஆனால் அதிலும் நைட்ரஜன் உண்டு, அதுவும் புரதக் கணக்கில் சேர்ந்துவிடும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் இதைச் சரிபார்த்து, முழுப் புழுவுக்கு 4.76-ஆல் பெருக்குவதே பொருத்தம் என்றார்கள். ஆக, பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப முடியாது.

ஆனால் தரத்தைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1989-இல் வெளியான ஓர் ஆய்வில் கிரிக்கெட் பூச்சியின் புரதத்தைப் பால் மறந்த எலிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சோயாப் புரதத்தைவிட அது மேலாகவே இருந்தது. மனிதர்களுக்காகவும் கோழிகளுக்காகவும் பூச்சிப் புரதத்தைப் பற்றி இன்று எவ்வளவோ பேசுகிறார்கள், அதை முன்பே தின்று பார்த்துச் சொன்னவை எலிகள்.

எந்தப் பூச்சி என்பதும் முக்கியம். மீல்வார்மிலும் கிரிக்கெட் பூச்சியிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. பல மடங்கு வித்தியாசம் வரும். எப்போதாவது தின்றால் பெல்லட் அதைச் சரிக்கட்டிவிடும். தினமும் நிறையத் தின்றால் எலும்புக்கு நல்லதில்லை, முக்கியமாகக் குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மட்டும் இதில் விதிவிலக்கு, அதில் கால்சியம்தான் கூடுதல். கிடைத்தால் அதை வாங்கு. மெழுகுப்புழுவில் கால் பங்கு கொழுப்பு. எலிகளுக்கு அது என்றால் அவ்வளவு ஆசை, அதனாலேயே அடிக்கடி கொடுக்கக் கூடாது. உடம்பு தேறி வரும் மெலிந்த எலிக்கு ஒன்றிரண்டு கொடுக்கலாம்.

புழுக்களை வாங்கியவுடனே போடாதே. ஓரிரு நாள் கோதுமைத் தவிட்டிலும் கேரட் துண்டிலும் விட்டு வை. புழுவின் வயிற்றில் இருப்பதும் எலிக்குத்தானே போகிறது.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படி. தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியையும் கரப்பான்பூச்சியையும் உன் பையன் எலிகளுக்குப் போட ஆசைப்படுகிறான் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் மாலதி. மருந்தடித்த செடியைத் தின்ற பூச்சியா, எறும்புப் பொடியில் நடந்து வந்த பூச்சியா என்று நமக்கு எப்படித் தெரியும்? எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது உள்ளேதான். மின்மினிப் பூச்சிக்கும் பளிச்சென்ற நிறமுள்ள வண்டுகளுக்கும் உடம்பிலேயே விஷம் இருக்கலாம்.

விஷத்தைவிட எனக்குப் பெரிய பயம் நாடாப்புழு. எலியின் குடலில் வாழும் ஒரு வகை நாடாப்புழு இருக்கிறது. அதன் முட்டை எலியின் எச்சத்தோடு வெளியே வரும். அதை மாவு வண்டோ, கரப்பானோ, தெள்ளுப்பூச்சியோ தின்னும். முட்டை பொரிந்து அந்தப் பூச்சியின் உடலுக்குள் வளர்ந்து காத்திருக்கும். பூச்சியை எலி தின்றதும் சுற்று முடிந்தது. நாம் ஆசையாக வாங்கும் மீல்வார்மும் அந்த மாவு வண்டு வகையின் புழுதான். ஆகவே பூச்சியின் பெயரைவிட, எலி எச்சம் படாத இடத்தில் அது வளர்ந்ததா என்பதே கேள்வி. பண்ணையில் மூடிய பெட்டியில் வளர்த்ததென்றால் கவலை குறைவு. சூடுபடுத்தி உலர்த்தியதென்றால் இன்னும் குறைவு. வீட்டிலேயே வளர்ப்பதாக இருந்தால் எலிக்கூண்டுக்குப் பக்கத்தில் வைக்காதே, கூண்டில் மிஞ்சிய தீனியைப் புழுப் பெட்டியில் கொட்டாதே. குழந்தைகள் இருக்கும் வீடு, கை கழுவுவதையும் சொல்லிக் கொடு. இந்த வகைப் புழுக்கள் சில சமயம் மனிதர்களுக்கும் வரும்.

கரப்பான் தின்ற எலிகளுக்கு மருத்துவ வரலாற்றிலேயே ஓர் இடம் உண்டு, தெரியுமா? டென்மார்க்கில் ஜோஹான்னஸ் ஃபிபிகர் என்ற ஆய்வாளர், ஒட்டுண்ணிப் புழு இருந்த கரப்பான்களை எலிகளுக்குக் கொடுத்தார். இரைப்பையில் கட்டிகள் வந்தன. புழுதான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று முடிவு செய்தார். 1926-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அதற்காகக் கிடைத்தது. பிற்பாடு பார்த்தால், அது புற்றுநோயே இல்லை. அந்த எலிகளின் தீனியில் வைட்டமின் ஏ போதவில்லை, அதுதான் முக்கியமான காரணம் என்று தெரிந்தது. இதை எங்கே படித்தாலும் எனக்கு அந்த எலிகளின் தட்டுதான் கண்ணில் நிற்கும். நான் பெல்லட்டை விடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

உயிரோடு கொடுக்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எலி கொல்லும்போது நொடியில் முடிந்துவிடுகிறது. ஆனால் பத்துப் புழுவைக் கூண்டில் கொட்டிவிட்டுப் போனால் பாதி தீனிக்கடியில் புதைந்து கிடக்கும், அது புழுவுக்கும் துன்பம், கூண்டுக்கும் அசுத்தம். ஒவ்வொன்றாக நீயே இடுக்கியால் நீட்டு. அதுவும் முடியாவிட்டால் உலர்ந்ததை வாங்கி, கிழித்த காகிதத்துக்குள் ஒளித்து வை, தேடி எடுக்கட்டும். தேடுகிற மகிழ்ச்சி கிடைத்தால் போதும். உலர்ந்ததில் கொழுப்பு கால் பங்குக்கு மேல் என்பதை மட்டும் மறக்காதே.

புதிதாக எதையும் எலி சந்தேகத்தோடுதான் பார்க்கும். உன் நான்கில் எது துணிச்சலானதோ அதற்கு முதலில் கொடு. தின்றுவிட்டு வந்த எலியின் மூச்சை மற்றவை முகர்ந்து பார்க்கும். அப்படி முகர்ந்த உணவையே பிறகு விரும்பித் தின்னும். பென்னட் கேலஃப் என்ற கனடா ஆய்வாளர் 1980-களில் இதை அழகாகச் சோதித்துக் காட்டினார். வெறும் உணவின் வாசனை மட்டும் போதாதாம், இன்னோர் எலியின் மூச்சும் அதில் கலந்திருக்க வேண்டும். எனக்கு எலிகளைப் பற்றித் தெரிந்தவற்றில் மிகவும் பிடித்தது இதுதான்.

அளவு கேட்டாயே. வளர்ந்த எலிக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு மீல்வார்ம். குட்டிகளுக்கும் சினை எலிக்கும் கொஞ்சம் கூட்டலாம், அவற்றுக்குப் புரதம் நிஜமாகவே அதிகம் வேண்டும். வயதான ஆண் எலிகளுக்குக் குறைத்துவிடு. அவற்றுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாவது மிகச் சாதாரணம், புரதமும் கலோரியும் கூடக்கூட அது வேகமாகும். எங்கள் வீட்டு எலிகளில் பெரியவனுக்கு இப்போது அந்தக் கட்டம். தண்ணீர் நிறையக் குடிக்கிறான், இடுப்பு மெலிந்துவிட்டது. மருத்துவர் சொன்னபடி புரதத்தைக் குறைத்திருக்கிறோம். புழு டப்பாவின் சத்தம் கேட்டால் இன்னும் கம்பியருகே ஓடி வருகிறான். அவனுக்கும் வாரத்துக்கு ஒன்று கொடுத்துவிடுகிறேன், அதை மறுக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்று, இது உனக்காக. இறால் தின்றால் உனக்கு உதடு வீங்குமே. அதே ஒவ்வாமை பூச்சிகளாலும் வரலாம், இரண்டிலும் ஒரே வகைப் புரதம் இருக்கிறது. உலர்ந்த புழுவின் தூள் மூக்கில் ஏறினாலே சிலருக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் வரும். அதனால் டப்பாவை நீ திறக்காதே, பையனைத் திறக்கச் சொல், முகக்கவசத்தோடு.

உன் எலிகள் நான்கின் வயதையும் எடையையும் அடுத்த கடிதத்தில் எழுது. இப்போது கொடுக்கும் பெல்லட் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, புரதம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா