கேள்விக்கு ஒரு மேசை

ஆசிரியருக்கு,

எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது நூலகத்துக்கு யார் வருகிறார்கள் என்று தங்கள் தலையங்கம் கவலைப்பட்டிருந்தது. பதில் சொல்ல ஆள் இருந்தால் வருவார்கள். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராக உட்கார்ந்து, வாசகர் கேள்விகளுக்கு விடை தேடித் தருகிறேன். போன மார்கழியில் இட்லிக் கடை நடத்தும் அம்மா ஒருவர், விரலிடுக்கில் மாவு காய்ந்திருக்க, "ராத்திரி முழுக்க வெச்சும் மாவு பொங்கலையே, ஏன் சார்?" என்றார். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் 30 டிகிரி சூட்டில் நன்றாக வேலை செய்யும், குளிரில் மந்தமாகிவிடும் என்று புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். சரி, அடுப்போரம் வைக்கிறேன் என்று போனவர், அடுத்த வாரம் மகனைக் கூட்டி வந்தார். பல்லி ஏன் சுவரிலிருந்து விழுவதில்லை என்பது அவன் கேள்வி.

இவற்றைச் சில்லறைக் கேள்விகள் என்று ஒதுக்கக் கூடாது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது, சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. கிளை நூலகங்களில் வாரம் ஒரு மாலையாவது கேள்விக்கென ஒரு மேசையும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருக்கும்படி பொது நூலகத் துறை ஏற்பாடு செய்யலாம்.

- ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், கும்பகோணம்